மூடிய பரப்பு, மூங்கில், ஒன்று

"கோழியப் பஞ்சாரத்துல ஒழுங்கா அடைக்கத் தெரியாத புள்ள, மின்சாரத்த எங்கிட்டு அடைக்கப் போகுது?"

இதைச் சொன்னவர் என் தாய்மாமன். நான் இண்டர்மீடியட் தேறி, மதுரையில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேரப் போகிறேன் என்று என்னைப் பெற்ற அய்யா ஊரில் சொன்ன அன்று, அலங்காநல்லூருக்கு மேற்கே எங்கள் வீட்டு வாசலில், பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னார். நகரத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பஞ்சாரம் என்பது மூங்கில் சிம்புகளை இடைவெளி விட்டு முடைந்த, கவிழ்த்து வைக்கும் கோழிக்கூடை. மாமா சொன்னதில் பொய் இல்லை. சிறுமியாக இருக்கும்போது கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கவிழ்ப்பேன். விளிம்பு ஒரு கல்லின் மேல் ஏறி நிற்கும். கோழிகள் அந்தச் சந்தில் குனிந்து ஒவ்வொன்றாக வெளியே போகும். நான் பக்கத்தைப் புரட்டுவேன்.

கல்லூரி மலரில் இந்தப் பக்கம் ஓய்வுபெறுகிறவர்களுக்கு உரியது. எனக்கு இருபத்தைந்து வயது. இருந்தாலும் ஆறு வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தின் சாவிகளை இடுப்பில் செருகியிருந்தவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று மலர்க்குழுவினர் விடவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இப்போது அங்கே இருக்கும் உதவியாளர்கள் கருவிப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது ஒரு பதிவைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். பேராசிரியரின் கையெழுத்தில், தராசுக்கும் லென்சுக்கும் நடுவில், "மூடிய பரப்பு, மூங்கில், ஒன்று" என்று இருக்கிறது. அது என்ன, எங்கே வாங்கியது, உடைந்தால் யாரிடம் சொல்வது என்று எனக்கு எழுதிக் கேட்டார்கள். வாங்கவில்லை, வந்தது. வந்த கதை இதுதான்.

நான் படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அய்யா பத்திரங்களில் பெருவிரல் வைப்பவர். என் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் அவர் வைத்த ரேகையைப் பார்த்து, "பக்கத்துல உம் பேர எழுது, ரெண்டும் சேந்து இருக்கட்டும்" என்றார். உபகாரச் சம்பளத்தில் பள்ளி, விடுதி, கல்லூரி. இண்டர்மீடியட்டில் பௌதிகம் எடுத்த பெண்கள் மூன்று பேர். கதவோரத்துப் பெஞ்சில் உட்காருவோம். நான் தேறிய வருஷம், ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர் ராணுவத்தின் வயர்லெஸ் பிரிவில் சேர்ந்து போருக்குப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை தற்காலிகமாக அந்த இடத்தைப் பேராசிரியர் சாம்பசிவம் எனக்குக் கொடுத்தார். "இரண்டு வருஷத்தில் எதையும் உடைக்காத ஒரே மாணவி" என்று காரணமும் சொன்னார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாம்பசிவம் சாரின் தலைப்பாகையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. மூடிய கழுத்துக் கோட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைத் தலைப்பாகை. வகுப்புக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி மேசையின் வலது மூலையில் வைப்பார். அது மேசையில் இருக்கும்வரை யாரும் எதையும் கேட்கலாம். எவ்வளவு அசட்டுக் கேள்வியானாலும் பதில் உண்டு. எடுத்துத் தலையில் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மணி அடித்த பிறகும் தலைப்பாகை மேசையிலேயே இருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். "தப்பு" என்ற சொல்லை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "அப்படியா?" என்பார். தப்பு என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

அவரிடம் நான் முதலில் கற்ற வேலை, மூச்சு விடுவது. தங்க இலை மின்காட்டி என்று ஒரு கருவி. கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பித்தளைத் தண்டு இறங்கும். அதன் நுனியில் இரண்டு மெல்லிய தங்க இலைகள் ஒட்டித் தொங்கும். மின்னூட்டம் பெற்ற பொருளை மேலே கொண்டுவந்தால் இலைகள் ஒன்றையொன்று விலக்கி விரியும். எளிய கருவிதான். ஆனால் ஈரக் காற்று பட்டால் மின்னூட்டம் ஒழுகிப்போய் இலைகள் துவண்டுவிடும். ஐப்பசி மழையில் அதை வேலை செய்ய வைப்பது பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. கும்முட்டி அடுப்பில் கரியை நீறு பூக்கவிட்டு, பட்டுத் துணியை அதன் மேல் ஒரு முழ உயரத்தில் பிடித்துச் சூடேற்ற வேண்டும். பட்டால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றும் கண்ணாடித் தண்டை வெந்நீரில் கழுவி, துடைத்து, அதே சூட்டில் காட்ட வேண்டும். தண்டின் நடுப்பகுதியை விரல் தொடக்கூடாது. ஜன்னல்களைச் சாத்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு தேய்க்க வேண்டும். சார் பின்னால் நின்று, "மூச்சை அந்தப் பக்கம் விடு" என்பார். முதல் மாதம் எனக்கு மூச்சு என்பதே ஒரு குற்றம் போல இருந்தது.

போர்க்காலத்தில் சீமையிலிருந்து கருவிகள் வருவது நின்றது. மின்காட்டியின் இலை கிழிந்துவிட்டால் புதிய இலை கிடையாது. அட்டெண்டர் முத்தையா அண்ணே, சாமி படங்களுக்குத் தங்க ரேக்கு விற்கும் கடை ஒன்றை எனக்குக் காட்டினார். ரேக்கை இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து, சவரக் கத்தியால் தாளோடு சேர்த்து வெட்டி, மேல் தாளை எடுத்து, அணில்மயிர்த் தூரிகையால் தொட்டுத் தூக்குவேன். தூக்கும் நேரம் முழுக்க மூச்சு உள்ளே நிற்க வேண்டும். எட்டு இலைகள் கசங்கின. ஒன்பதாவது ஒட்டியது. சார் வந்து பார்த்தார், கண்ணாடித் தண்டைத் தேய்த்து அருகில் கொண்டுவந்தார், இலைகள் விரிந்தன. தலைப்பாகையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். முத்தையா அண்ணேதான், "பேச்சியம்மா, இன்னைக்கு அய்யா படியில பாடிக்கிட்டே எறங்குறார்" என்றார்.

இப்படி ஐந்து வருஷம். எந்தச் சோதனைக்கு எந்த மேசை, எந்தக் கம்பி, எந்த நாளில் எந்தக் கருவி முரண்டுபிடிக்கும் என்று எனக்கு அத்துப்படி. ஆனால் ஒரு சோதனை முடிந்ததும் மாணவர்கள் வகுப்பறைக்குப் போய் அதன் காரணத்தைக் கேட்பார்கள். நான் ஈரத் துணியால் மேசையைத் துடைப்பேன். அதுதான் உறுத்தியது. சென்னையில் ஆனர்ஸ் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். படிப்பை விட்டு இத்தனை வருஷம் ஆன ஒருத்தியை அங்கே சேர்க்க வேண்டுமானால், பேராசிரியரின் கடிதம் ஒன்று வேண்டும்.

பங்குனி மாதத்து மதியம் ஒன்றில் கேட்டேன். சார் தலைப்பாகையைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"மின்பாய்வு தெரியுமா?" என்றார்.

தெரியும். மின்னூட்டத்திலிருந்து விசைக்கோடுகள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு பரப்பை எத்தனை கோடுகள் துளைத்துக்கொண்டு போகின்றன என்பதுதான் அதன் பாய்வு. பரப்பு கோடுகளுக்கு நேராக முகம் காட்டினால் பாய்வு அதிகம். சாய்த்தால் குறையும். விளிம்பைக் காட்டினால் ஒன்றுமே இல்லை. களத்தில் காற்றுக்கு எதிரே சுளகை, அதாவது முறத்தைப், பிடித்துப் பார்த்தவளுக்கு இதில் என்ன சிரமம்? முகம் காட்டிப் பிடித்தால் கையைப் பிடுங்கும். விளிம்பைக் காட்டினால் சுளகு இருப்பதே காற்றுக்குத் தெரியாது. அதையே சொன்னேன். சார் தலையை ஆட்டினார்.

"சரி. ஒரு மூடிய பெட்டி. அதற்குள் ஒன்றும் இல்லை. வெளியே, பக்கத்தில், ஒரு மின்னூட்டம் இருக்கிறது. பெட்டியின் எல்லா முகங்களுக்கும் சேர்த்து மொத்தப் பாய்வு எவ்வளவு?"

வெளியே வரும் கோடுகளிலிருந்து உள்ளே போகும் கோடுகளைக் கழித்தால் பூஜ்யம் என்று புத்தகத்தில் போட்டிருப்பது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் நேருக்கு நேர் கேட்டபோது, மனத்துக்குள் பெட்டியைப் பார்த்தேன். மின்னூட்டத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் முகத்தில் விசை பலமாக இருக்கிறது. எட்டத்தில் இருக்கும் முகத்தில் நலிந்துபோகிறது. அப்படியானால் உள்ளே போவது அதிகம், வெளியே வருவது குறைவு.

"கொஞ்சம் உள்ளே தங்கிவிடும், சார்."

"அப்படியா? எங்கே தங்கும்?"

துடைத்து முடித்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

"எங்கே தங்கும் என்று கேட்டேன்."

"பெட்டி குடித்திருக்கும், சார்."

வாயில் வந்தது புத்தகம் அல்ல, எங்கள் வயல். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் மேல்மடையில் உள்ளே வரும். கீழ்மடையில் பாதிதான் வெளியே போகும். மிச்சம் எங்கே என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. மண் குடித்திருக்கும். உள்ளே போன அளவு வெளியே வரும் என்று சொன்னால் அவனைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

சார் சிரிக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் முத்தையா அண்ணேதான் சிரித்தார். சார் தலைப்பாகையை எடுத்தார்.

"பூஜ்யம் என்று சொல்லியிருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பேன். கை நன்றாக இருக்கிறது. காரணம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

தலைப்பாகை தலைக்குப் போய்விட்டது.

அந்த வருஷம்தான் போர் முடிந்தது. ஊரெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் வயர்லெஸ் பிரிவுக்குப் போனவரிடமிருந்து, வரும் ஜூனில் வேலைக்குத் திரும்புவதாகக் கடிதம் வந்தது. கணக்கு எளிது. ஜூனுக்குள் சாரின் கடிதம் கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு அலங்காநல்லூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார். முற்றத்தில் ஒரு பஞ்சாரத்துக்குள் தாய்க்கோழியும் குஞ்சுகளும். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அம்மா உள்ளேயிருந்து, "புள்ள, கோழிய எடுத்து உள்ள விடு" என்றாள். ஓடினேன். பஞ்சாரத்தின் மேல் கையை வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

பஞ்சாரத்துக்குள்ளும் மழை பெய்துகொண்டிருந்தது.

மேல் பக்கத்துச் சந்துகளில் உள்ளே வந்த நீர், அடிப்பக்கத்தில் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பஞ்சாரம் ஒரு சொட்டைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அது வயல் அல்ல. மூங்கிலும் சந்தும்தான். சார் சொன்ன பெட்டிக்கு மண் ஏது, குடிப்பதற்கு? அது நாம் மனத்தால் போட்ட பெட்டி. அதன் சுவர்கள் இந்தச் சந்துகளைவிட வெறுமையானவை. அப்படியானால் எட்டத்து முகத்தில் விசை நலிந்துபோவது ஏன்? கோடுகள் விலகி விரிந்துபோவதால். கிட்டத்தில் நெருக்கமாகச் சின்ன இடத்தில் நுழைந்தவை, எட்டத்தில் பெரிய இடத்தில் பரந்து வெளியேறுகின்றன. சில பக்கவாட்டிலும் போகலாம். நெருக்கம் குறைகிறது, எண்ணிக்கை குறையவில்லை. நான் நெருக்கத்தைப் பார்த்துவிட்டு எண்ணிக்கை என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏம்மா, கோழி நனையுது, இவ கூடைய வேடிக்கை பாக்குறா," என்று மாமா குரல் கொடுத்தார்.

நான் பஞ்சாரத்தைத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்காகத் தலைக்கு மேல் பிடித்தேன். குஞ்சுகள் நாலா திசையிலும் சிதறின. தாய்க்கோழி என் காலைக் கொத்திவிட்டு வைக்கோல் போருக்கு ஓடியது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கிக் குஞ்சுகளைப் பொறுக்கினார். "இம்புட்டு வருசம் படிச்சும் கோழி நிக்கலையே தாயி" என்று சொல்லிக்கொண்டேதான் பொறுக்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையிலிருந்த பஞ்சாரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"மாமா, எனக்கு ரெண்டு பஞ்சாரம் வேணும். ஒரே அளவுல."

"காலேசுல கோழி வளக்குறாகளா?"

தை மாதத்தில் ஒரு நாள் அவரே கொண்டுவந்தார். பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடும் பஸ், மேட்டில் ஏறும்போதெல்லாம் ஆட்களை இறக்கிவிடும். பஞ்சாரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறியிருக்கிறார். சிம்மக்கல்லில் இறங்கி நடந்தபோது மூன்று பேர் விலை கேட்டார்களாம். ஆய்வுக்கூடத்து வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கல்யாணத்துக்குச் சீரு சுமக்க வேண்டிய தாய்மாமன், காலேசுக்குப் பஞ்சாரம் சுமந்து வாரேன். இதுல என்னத்த அடைக்கப் போற?"

"மின்சாரம் மாமா."

"பூராம் ஓட்டையா இருக்கே. ஒழுகிராது?"

"ஒழுகுறதத்தான் மாமா எண்ணப் போறேன்."

அவர் என்னையும் பஞ்சாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்தையா அண்ணேயிடம், "நீங்களாச்சும் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டையும் வாயோடு வாய் வைத்துச் சணல் கயிற்றால் கட்டினேன். உருண்டையான மூடிய பரப்பு. தென்னை ஈர்க்குகளைச் சீவி, ஒரு களிமண் உருண்டையில் எல்லாப் பக்கமும் குத்தினேன். உருண்டை மின்னூட்டம், ஈர்க்குகள் விசைக்கோடுகள். சாரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்து, தைரியம் வராமல் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். "இத அய்யா பாத்தா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும்" என்று முத்தையா அண்ணே அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டார்.

மாசியில் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சே வரவில்லை. இண்டர்மீடியட் இரண்டாம் வருஷத்துக்கு அன்று நடத்த வேண்டிய பாடம், மூடிய பரப்பின் பாய்வு. ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்: "இன்று நீ எடு. அந்தச் சாக்குக்குள் இருப்பதையும் கொண்டு போ." எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நாற்பது ஆண்கள், நான்கு பெண்கள். பஞ்சாரத்தோடு நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து, "மேடம், முட்டை எப்ப வைக்கும்?" என்று ஒரு குரல். "நீ ஒழுங்காப் படிச்சா உன் பேப்பர்ல வைக்காது" என்றேன். வகுப்பு சிரித்தது. சார் வாசலில், தலைப்பாகையோடு, கதவில் சாய்ந்து நின்றார். உள்ளே வரவில்லை.

கல்லூரி விதிப்படி ஆங்கிலத்தில் தொடங்கினேன். முதலில் களிமண் உருண்டையைப் பஞ்சாரத்துக்குள் தொங்கவிட்டு எல்லா ஈர்க்குகளும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். மின்னூட்டம் உள்ளே இருந்தால் எல்லாம் வெளியேறும், பஞ்சாரத்தை எவ்வளவு பெரிதாக முடைந்தாலும் எண்ணிக்கை அதேதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிறகு பஞ்சாரத்தை வெறுமையாக வைத்து, சார் என்னைக் கேட்டதையே கேட்டேன். மின்னூட்டம் வெளியே இருந்தால்?

வாடிப்பட்டிப் பக்கத்து மாணவன் தவசி எழுந்தான். விவசாய வீட்டுப் பையன், நன்றாகப் படிப்பவன். ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்தான்.

"கிட்டத்துல பலமா உள்ள போகுது. அங்கிட்டு நலிஞ்சு வருது. அப்ப மிச்சம் உள்ளதான மேடம் நிக்கும்?"

என் குரலையே இன்னொருவர் வாயில் கேட்டது போல இருந்தது. பெஞ்சுகளில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

"உங்க வயல்ல அப்படித்தான் தவசி. எங்க வயல்லயும் அப்படித்தான். இங்க வந்து எண்ணிப் பாரு" என்றேன். என்னை அறியாமல் நானும் தமிழுக்கு வந்துவிட்டேன். வாசல் பக்கம் பார்க்காமல் இருந்துகொண்டேன்.

களிமண் உருண்டையைப் பஞ்சாரத்துக்கு வெளியே மேசையில் வைத்து, ஈர்க்குகளை விசிறி போல விரித்து, சந்துகளில் நுழைத்துத் தள்ளினோம். தவசி கிட்டப் பக்கம் நின்று எண்ணினான். உள்ளே போனது பன்னிரண்டு. சுற்றி வந்து எட்டப் பக்கமும் ஓரங்களும் எண்ணினான். இரண்டாவது தடவையும் எண்ணினான்.

"பதினொண்ணுதான் மேடம் வெளிய வருது."

வகுப்பு வெடித்தது. "மாப்ள, பஞ்சாரம் ஒண்ணக் குடிச்சிருச்சுடா" என்று பின்வரிசை கத்தியது. தவசி வெற்றியோடு நிமிர்ந்து நின்றான். வாசலில் சார் நிற்கிறார். இந்த ஒரு ஈர்க்கில் சென்னை போய்விட்டது என்று நினைத்தேன். குனிந்து சந்து வழியாகப் பார்த்தேன். ஓர் ஈர்க்கு மற்றவற்றைவிடக் குட்டை. பஞ்சாரத்தின் நடுவிலேயே முடிந்து நின்றது.

ஈர்க்குக் குட்டை, மாற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வகுப்பு ஏற்றுக்கொண்டிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான், "எங்கே தங்கும்?" என்ற கேள்வி திரும்ப ஒலித்தது. கடிந்து கேட்டதாகத்தான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். அவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

"யாரும் எதையும் தொட வேண்டாம்" என்றேன். "தவசி எண்ணியது சரி. பன்னிரண்டு போனது, பதினொன்று வந்தது. இப்போது சொல்லுங்கள், ஒரு விசைக்கோடு வெறும் இடத்தில், பிடிப்பு இல்லாமல் நிற்குமா?"

சத்தம் அடங்கியது.

"நிக்காது" என்றான் தவசி, மெதுவாக. "அது போய் முடியணும்னா எதிர் மின்னூட்டம் வேணும்."

களிமண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி, சந்துக்குள் கையை விட்டு, அந்தக் குட்டை ஈர்க்கின் நுனியில் ஒட்டினேன்.

"அப்படியானால் உள்ளே இது இருக்கிறது. நாம் பார்க்கவில்லை. எண்ணிக்கை சொல்லிவிட்டது. உள்ளே ஏதாவது இருந்தால்தான் தங்கும். ஒன்றும் இல்லாவிட்டால் எதுவும் தங்காது, மொத்தம் பூஜ்யம். பஞ்சாரத்தைத் திறக்காமலே, அதன் வெளிப்புறத்தில் போவதையும் வருவதையும் எண்ணியே, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இன்றைய பாடம் இவ்வளவுதான்."

தவசி பஞ்சாரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தான். "அப்ப மூடுன பானைக்குள்ள என்ன இருக்குன்னு தொறக்காமலே சொல்லலாம்" என்றான், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. "மின்னூட்டமா இருந்தா சொல்லலாம். பொங்கலா இருந்தா தொறந்துதான் பாக்கணும்" என்றேன்.

சிரிப்பின் நடுவே வாசலைப் பார்த்தேன். சார் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து, கதவோரத்துப் பெஞ்சில், ஒரு காலத்தில் நாங்கள் மூன்று பெண்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, தலைப்பாகையைத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டார். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தவசி அடுத்த கேள்வியைக் கேட்டான். அதற்கடுத்ததை, வராத குரலில், சார் கேட்டார்.

மறுநாள் அவர் பதிவேட்டை எடுத்து எழுதிய வரிதான் உங்களைக் குழப்பியது. அந்தக் குட்டை ஈர்க்கும் களிமண் சிட்டிகையும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. தயவுசெய்து சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள். சணல் கயிறு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

கடிதம் சித்திரையில் கிடைத்தது, உறையில் போட்டு ஒட்டி. ஊருக்குப் போய்ச் சொன்னபோது அய்யா உறையை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மாமா, "அப்ப அடைச்சுப்புட்ட?" என்றார். "அதை யாராலும் அடைக்க முடியாது மாமா, எண்ணத்தான் முடியும்" என்றேன். "அதுக்காடி ஆறு வருசம்?" என்றவர், நான் புறப்படும் நாளில் புதிதாக முடைந்த இன்னொரு சோடிப் பஞ்சாரத்தோடு ரயிலடிக்கு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பெண்கள் பெட்டியில் திண்டுக்கல் வரைக்கும் எல்லாரும் கோழியைத் தேடினார்கள்.

சென்னையில் ஆனர்ஸ் வகுப்பின் பேராசிரியர், வயதானவர், உறையைப் பிரித்தார். ஒரே பத்திதான் இருந்தது போலிருக்கிறது. படித்தார், பேனாவை எடுத்துச் சேர்க்கைப் பட்டியலில் என் பெயரை எழுதினார், மை உலர ஊதினார். பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"கடைசி வரி எனக்கு விளங்கவில்லை" என்றார். "'எங்கே தங்கும் என்று கேட்டுப் பாருங்கள்' என்று எழுதியிருக்கிறார். என்ன எங்கே தங்கும், அம்மா?"

"ஒரு நிமிஷம் பொறுங்கள், சார்" என்று சொல்லிவிட்டு, வாசலில் சேவகரிடம் விட்டுவந்த பஞ்சாரங்களை எடுத்துவரப் போனேன்.